கடனட்டை வெகுமதியும் நமது அறக்கணக்கும்

ஒருவர் அடையும் நன்மைக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார் என்றால், அந்நன்மையை ஏற்பது தகுமா? அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. அடிமை குடிமை முறை பற்றியோ கொடுவட்டி பற்றியோ பேசும்போது இதற்கு விடை கூறுவதில் நமக்குத் தயக்கம் இருப்பதில்லை. விலை கொடுப்பவரின் முகம் அங்கே தெரிகிறது. அவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதும் தெரிகிறது. ஆயின் முகமும் தொகையும் ஒருங்கே மறைந்துவிடும் இடங்கள் நவீன பொருளாதார வாழ்வில் பலவாகப் பெருகியுள்ளன. அத்தகைய இடங்களுள் ஒன்றான கடனட்டை வெகுமதித் திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக இப்பழைய வினாவை மீண்டும் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1950இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை அறிமுகமாயிற்று. 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம், தன் விமானங்களில் அடிக்கடி பறப்போர்க்கு அவர்கள் பறந்த தூரத்துக்கேற்ப இலவசப் பயணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. எயார் கனடாவின் ஏரோபிளான் 1984இல் பிறந்தது. தனித்தனியே தோன்றிய இவ்விரு ஏற்பாடுகளும் பின்னர் ஒன்றிணைந்தபோது, பறவாமலே பறக்கும் உரிமையைச் சேர்ப்பது இயல்வதாயிற்று. அரிசியும் மருந்தும் வாங்கும்போதே விமானச் சீட்டுக்கான புள்ளிகள் குவியலாயின. இலங்கையிலும் வங்கி அட்டைகள் பலவற்றின் புள்ளிகளைச் சிறிலங்கன் விமான சேவையின் ஃபிளைஸ்மைல்ஸ் மைல்களாக மாற்றிக்கொள்ள முடிகிறது.

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று நம்மவர் ஒதுக்கிவிட முடியாது. போரினால் சிதறிய சமூகம் நம்முடையது. பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வளர, பேத்தியார் கோப்பாயிலோ கரவெட்டியிலோ தனித்திருக்கும் வீடுகள் எத்தனை! நான்கு பேர் கொண்ட குடும்பம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வந்து திரும்புவதற்கான செலவு, அங்கே உழைக்கும் தொழிலாளிக்குப் பல மாதச் சேமிப்பாகும். ஆதலால் எந்த அட்டை கூடுதலான புள்ளி தரும் என்று அவர்கள் ஆராய்வது இயல்பே. பலாலியில் 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. அதன்பின் இங்குள்ள மாதச் சம்பளக்காரர் குடும்பங்களுக்கும் அத்தகைய ஆசை அரும்பியுள்ளது. உறவைக் காணும் ஆசையில் குற்றமில்லை. அவ்வாசை எவ்வழியாக நிறைவேறுகிறது என்பதே நம் வினா.

முதலில் தன்னலக் கணக்கையே பார்ப்போம். ஓர் அட்டை, செலவிடும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபா பெறுமதியான புள்ளியைத் தருகிறது எனக் கொள்வோம். மாதம் ஓர் இலட்சம் ரூபாவை அதன்மூலம் செலவிடும் குடும்பம் ஆண்டு முடிவில் 12,000 ரூபா பெறுமதியான புள்ளிகளைப் பெறும். அதே குடும்பம் ஓர் இலட்சம் ரூபா நிலுவையை ஆண்டுக்கு 28 சதவீத வட்டியில் சுமந்தால், மாத வட்டி ஏறத்தாழ 2,300 ரூபாவாகும். ஐந்து மாதம் சுமந்தால் ஆண்டு முழுவதும் சேர்த்த வெகுமதி அநேகமாக முற்றாகக் கரைந்துவிடும். இந்த 28 சதவீதம் மிகைப்படுத்திய எண்ணன்று. 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்ற உச்சவரம்பை மத்திய வங்கி விதித்தது. 2022 ஏப்ரலில், நெருக்கடியின் நடுவே, வரம்பு நீக்கப்பட்டது. அதன்பின் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டிச் சென்றது. ஆகவே மாதந்தோறும் நிலுவை முழுவதையும் செலுத்த இயலாதவர்க்கு எந்த வெகுமதி அட்டையும் இலாபம் தராது. நிலுவையைத் தவறாது செலுத்துவோர் மட்டுமே புள்ளிகளின் பயனைத் துய்க்கின்றனர்.

இங்கேயே அறவினா தலைகாட்டுகிறது. வெகுமதிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? அதற்கு மூன்று ஊற்றுகள் உள்ளன: அட்டைக்கான ஆண்டுக் கட்டணம், கடனைச் சுமப்போர் செலுத்தும் வட்டி, கடைக்காரரிடமிருந்து வங்கி கழித்துக்கொள்ளும் தரகு. முதலாவது அட்டையாளரின் சொந்தப் பணம். இரண்டாவது, தவணை தவறியோர் தவறாதோர்க்குத் தரும் பங்கு. மூன்றாவதே நுணுகி நோக்கத்தக்கது.

ஒரு கடையில் நூறு ரூபாவுக்கு விற்கவேண்டிய பொருள் இருக்கிறது. அட்டை விற்பனையில் நூற்றுக்கு இரண்டரை ரூபா தரகாகப் போகிறது; வாடிக்கையாளரில் பாதிப்பேர் அட்டையையும் பாதிப்பேர் காசையும் கொடுக்கின்றனர். கடைக்காரர் இழப்பைச் சரிக்கட்ட எல்லோருக்கும் விலையை ஏறத்தாழ ஒன்றேகால் ரூபா உயர்த்துகிறார் என்போம். காசு கொடுப்பவர் நூற்றியொரு ரூபா இருபத்தைந்து சதம் கொடுத்து வெறுங்கையோடு போகிறார். அட்டையாளரும் அதே விலையைக் கொடுக்கிறார். ஆயின் ஒரு ரூபா புள்ளியாக அவரிடம் திரும்புகிறது. உண்மையில் இருவருமே இழக்கின்றனர். ஒருவர் ஒன்றேகால் ரூபாவையும் மற்றவர் கால் ரூபாவையும். இரண்டு இழப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கே நாம் வெகுமதி என்று பெயரிட்டிருக்கிறோம்.

இதனை வெறுங் கற்பனைக் கணக்கு என்று கூறிவிட முடியாது. பொஸ்டன் ஃபெடரல் றிசேர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தனர். காசு பயன்படுத்தும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டொலரை இம்முறையில் இழக்கிறது என்றும், அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டொலரைப் பெறுகிறது என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். வறியவரிடமிருந்து செல்வரை நோக்கிப் பணம் பாய்கிறது என்பதே அவர்தம் முடிவாக இருந்தது. ரொறன்ரோவின் பலசரக்குக் கடையிலே புள்ளி சேர்க்கும் தமிழர் ஒருவருக்குப் பின்னால், அண்மையில் வந்து அகதி அந்தஸ்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு தமிழர் காசோடு நிற்கக்கூடும். முன்னவர் ஊருக்கு வரும் பயணச் சீட்டில் பின்னவரின் சில சதங்களும் கலந்திருக்கின்றன. அதனை இருவரும் அறியார்.

யாழ்ப்பாணத்திலே இதன் வீச்சு அளவோடுதான் உள்ளது என்பதையும் சொல்லவேண்டும். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகச் சந்தையிலும் மரக்கறி விற்பவரிடம் அட்டைக்கு இடமில்லை. அங்கே இச்சுமை விலையில் ஏறுவதுமில்லை. காசும் அட்டையும் ஒரே காசாளர் மேசையில் சந்திக்கும் இடங்களிலேதான், அதாவது பேரங்காடியிலும் மருந்தகத்திலும் புடைவைக் கடையிலும், இது நிகழ்கிறது. அட்டைக்கெனத் தனிக் கட்டணம் அறவிடுவது கடைக்காரர் வங்கியோடு செய்த ஒப்பந்தத்துக்கு மாறானது என மத்திய வங்கி அறிவித்துள்ளது. வாடிக்கையாளரைப் பாதுகாக்கும் நல்ல நோக்கமுடைய விதி இது. ஆயினும் செலவை உண்டாக்கியவர் தலையிலிருந்து எடுத்து எல்லோர் தலையிலும் சமமாகப் பரப்புவதும் இவ்விதியே. காசைக் கையாள்வதற்கும் செலவுண்டு, எண்ணவும் காக்கவும் வங்கிக்குக் கொண்டுசெல்லவும் ஆள் வேண்டும் என்று ஒருவர் மறுக்கலாம். அது நியாயமே. எனினும் அச்செலவிலிருந்து எவருக்கும் விமானப் பயணம் கிடைப்பதில்லை.

நம் மரபிலுள்ள சீட்டோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஏலச் சீட்டிலே அவசரத் தேவையுள்ளவர் கூடிய கழிவு கூறித் தொகையை எடுக்கிறார். அக்கழிவு ஏனையோருக்குப் பங்கிடப்படுகிறது. இங்கும் இல்லாதவர் கொடுக்கிறார், காத்திருக்க வல்லவர் பெறுகிறார். பழையன யாவும் தூயன என்று கொள்வதற்கில்லை. ஆயின் சீட்டில் எல்லோரும் ஒரே விறாந்தையில் அமர்ந்திருக்கின்றனர். எவர் கொடுக்கிறார், எவர் பெறுகிறார், ஏன் என்பது யாவருக்கும் தெரியும். இந்த மாதம் கழிவு பெற்றவர் அடுத்த மாதம் மகளின் திருமணத்துக்காகக் கழிவு கொடுப்பவராகலாம். இடம் மாறும் வாய்ப்பே அந்த ஏற்பாட்டுக்கு ஓரளவு நியாயத்தைத் தருகிறது. தேசவழமையிலுள்ள ஒற்றியும் அவ்வாறே; வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பவர் யாரென்பது ஊரறிந்த செய்தி. கடனட்டையில் இந்த அறிவும் இல்லை, இடமாற்றமும் இல்லை. அளவிலே நேர்மை காத்த புகார் வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அங்கே நேருக்குநேர் நின்றோர் விற்பவரும் வாங்குபவருமாகிய இருவர். இன்றோ வரிசையில் நிற்கும் மூன்றாமவரிடமிருந்து அவரறியாமலே ஒரு பங்கு எடுக்கப்படுகிறது.

இதற்கு மூன்று எதிர்வாதங்கள் கூறப்படுவதுண்டு. எவரும் அட்டை பெறலாமே என்பது முதலாவது. பெறலாம், நிரந்தர வருமானத்துக்குச் சான்று காட்ட முடிந்தால். குருநகர் மீனவரிடமும் தோட்டக் கூலியாளிடமும் சம்பளச் சிட்டை இல்லை. அவர்களது கடன் வேறு வாசல்களில் வாங்கப்படுகிறது. அந்த வாசல்களில் நிகழ்ந்த துன்பம் முற்றியதன் விளைவாகவே, வறட்சி பாதித்த மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கம் கொண்டுவர நேர்ந்தது. நான் எடுக்காவிட்டால் அந்தப் பணம் வங்கியிடமே தங்கும், ஏழைக்குத் திரும்பாது என்பது இரண்டாவது. இது உண்மை, ஆனால் நான் விலகுவதால் பயன் விளையாது என்பதை மட்டுமே இது காட்டுகிறது. முறை நியாயமானது என்பதை இது காட்டவில்லை. நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லையே என்பது மூன்றாவது. சட்டம் முடியும் இடத்திலேதான் அறவினா தொடங்குகிறது என்பதே அதற்கு விடையாகும்.

உன் செயலின் விதியை எல்லோருக்கும் பொதுவிதியாக்க நீ விரும்ப முடியுமா என்று கேட்டார் காண்ட். அவ்வினாவை இங்கே இட்டுப் பார்ப்போம். எல்லோரும் அட்டை பெற்று, எல்லோரும் தவறாது நிலுவையைச் செலுத்தினால் என்ன நிகழும்? வட்டி என்ற ஊற்று வற்றும். நமது உதாரணக் கடையில் விலை இரண்டரை ரூபா உயரும். ஒரு ரூபா எல்லோருக்கும் திரும்பும். அப்போது ஒவ்வொருவரும் ஒன்றரை ரூபா இழந்தவராவார். எல்லோரும் பெற்ற கணத்திலே வெகுமதி மறைந்துபோகிறது. கல்வியும் நல்வழக்கமும் இத்தகையன அல்ல. யாவரும் பெற்றாலும் அவை குறைவதில்லை. சிலர் பெறாதிருப்பதாலேயே நிலைக்கும் நன்மையைச் சலுகை எனலாம். உழைப்பின் பயன் என்று உரிமை பாராட்ட முடியாது.

அப்படியாயின் அட்டையை முறித்தெறிய வேண்டுமா? தனியொருவர் துறவு பூணுவதால் விலை குறையப் போவதில்லை. தாயைக் காணவரும் மகனைத் திருடன் என்று கூறுவதும் நேர்மையாகாது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. கண்ணறியாத ஒரு முறையின் பயனைப் பெறுவோர் குற்றவாளிகள் அல்லர். ஆயின் அறிந்தபின் பொறுப்பு உடையவராகின்றனர். அப்பொறுப்பு சில எளிய கடமைகளாக விரியும். புள்ளிக்காகத் தேவையற்றதை வாங்காதிருத்தல். முழு நிலுவையையும் செலுத்த இயலாத மாதத்தில் அட்டையைத் தொடாதிருத்தல். சிறு கடைக்காரரிடம் காசாகவே கொடுத்தல். கிடைத்த பயணத்தைத் தன் சாமர்த்தியத்தின் பரிசென்று பிறரிடம் பெருமை பேசாதிருத்தல். இவற்றோடு, விதியை மாற்றக் கோரும் கடமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கடனட்டைக்கான வங்கியிடைக் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியது. அவுஸ்திரேலியாவின் றிசேர்வ் வங்கி 2003இலேயே அக்கட்டணத்தைக் குறைத்தது. அங்கே புள்ளிகளின் பெறுமதியும் அதனால் குறைந்தது. இது மாற்றக்கூடிய மனித ஏற்பாடு என்பதற்கு இவை சான்றாகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அத்தலைப்பிலே அறிதல் என்னும் சொல் நிற்பது கருதத்தக்கது. உலகத்தோடு நமக்குள்ள கொடுக்கல் வாங்கலைச் செய்வதற்கு முன் அதனை அறிய வேண்டும். பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ வந்திறங்கும் குடும்பம் முற்றத்தில் காலடி வைக்கும்போது பேத்தியார் அடையும் மகிழ்ச்சி மெய்யானது. அதற்கு எவரும் விலை மதிப்பிட வேண்டியதில்லை. அந்தப் பயணச் சீட்டுக்கு மட்டும் விலை உண்டு. அதில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் நமக்கு முன்பின் தெரியாதவர்கள். அவர்களது பங்கையும் சேர்த்து எழுதினாலே நமது கணக்கு நேரான கணக்காகும்.