மண்ணின் மைந்தர் என்னும் கொள்கையும் ஏலமலையும்

ஒரு நிலத்தில் பிறந்தவருக்கு அதன்மேல் உள்ள உரிமை, அங்கே பிழைக்க வந்தவருக்கு உள்ள உரிமையைவிட மூத்ததா என்னும் கேள்வி, அரசியல் உடையில் வந்தாலும் அடிப்படையில் மெய்யியலைச் சேர்ந்தது. பிறப்பு என்னும் தற்செயலிலிருந்து உரிமை என்னும் அறம் எவ்வாறு கிளைக்க முடியும் என்பதையே அது கேட்கிறது. மண்ணும் அதில் புதைந்த முன்னோரும் சேர்ந்தே ஒருவருடைய சிந்தனையை உருவாக்குகின்றனர் என்றும், வந்தேறிக்கு அது கைகூடாது என்றும் 1899இல் விடை சொன்னவர் பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் பாரெஸ். 1972இல் பிரான்சின் தேசிய முன்னணிக் கட்சியின் தலைவராகி, 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் சுற்றுவரை சென்ற ழான்-மரி லெ பென், அந்த வகைச் சிந்தனையை வாக்குப்பெட்டிவரை கொண்டுசேர்த்தார்.

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்கு மிக நெருங்கிய வாழ்க்கை பால் தாக்கரேயினுடையது. 1926இல் புனேயில் பிறந்து, பம்பாயின் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்த அவர், 1960இல் 'மார்மிக்' வார இதழையும், 1966 ஜூன் 19 அன்று சிவசேனையையும் தொடங்கினார். 'பூமிபுத்திரர்', அதாவது மண்ணின் மைந்தர், என்பதே அவ்வியக்கத்தின் மூலச்சொல். அதற்குப் பின்னிருந்த மனக்குறை பொய்யன்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர்கொடுத்த போராட்டத்தின் பயனாக 1960 மே 1 அன்று பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மகாராஷ்டிரம் பிறந்திருந்தும், அந்நகரின் அலுவலக நாற்காலிகள் பலவற்றில் தமிழரும் பிற தென்னிந்தியரும் இருந்ததை மராத்தி இளைஞர் கண்டனர். ஆனால் நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களை 'மார்மிக்' பட்டியலிட்டு வெளியிட்டபோது, வேலையின்மை என்ற பொருளாதாரக் கேள்வி பெயர்களை நோக்கிய பகையாக மாறியது; உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன, லுங்கி ஏளனப் பொருளாயிற்று.

இந்தக் கொள்கையின் உள்முரண் 1980களில் வெளிப்பட்டது. சிவசேனை இந்துத்துவத்துக்கு, அதாவது இந்து அடையாளமே தேசிய அடையாளம் என்னும் கருத்துக்கு, நகர்ந்தது. 1987 வீலே பார்லே இடைத்தேர்தலில் தாக்கரே மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டதை 1995இல் உச்ச நீதிமன்றம் முறைகேடு என உறுதிசெய்தது. பின்னர் ஆறாண்டுகள் அவர் வாக்குரிமையை இழந்தார். 1992–93 பம்பாய்க் கலவரங்களை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையமும் 1998இல் வெளியான அறிக்கையில் அவருக்குக் கடுமையான பொறுப்பைச் சுமத்தியது. நேற்றுக் கல்லடிபட்ட தமிழ் இந்து இப்போது 'நம்மவர்' ஆனார். கொங்கணக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மராத்தி பேசும் இஸ்லாமியர் அந்நியர் ஆனார். மண் அதே மண். மைந்தர் பட்டியல்தான் மாறியது. ஆகவே அக்கொள்கை தொடக்கம் முதலே மண்ணைப் பற்றியதாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும். அதற்கு இன்றியமையாதது ஓர் அந்நியர் மட்டுமே.

இதை உரைத்துப் பார்க்கத் தமிழகத்தின் தேவாரம் என்னும் ஊர் ஏற்ற இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள இவ்வூருக்கு மேலே தெரியும் முகட்டுக்கு அப்பால் கேரளத்தின் உடும்பன்சோலை வட்டம், ஏலமலை. தேவாரம், போடி, கம்பம் பகுதிகளின் ஆண்களும் பெண்களும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி அமர்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியே களையெடுக்கவும் காய் எடுக்கவும் மலையேறி, பொழுது சாயத் திரும்புகின்றனர். அவர்கள் எடுத்த காய் போடியின் ஏல மையத்தில் விலைபோகிறது. இதே மலைப்பகுதியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி போராடியபோது, அங்கிருந்த தமிழர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் கூட்டமே என்ற வாதம் எழுந்தது. மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்திலேயே நின்றன. காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பே அவர்களை வந்தேறிகள் என்று காட்டும் சான்றாக்கப்பட்டது. உழைப்பை மண்ணோடு கலப்பவருக்கே உரிமை என்ற ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கும் இங்கே துணைக்கு வரமாட்டார். வேலையாளின் உழைப்பை அவர் எசமானின் கணக்கில்தான் எழுதினார்.

2011 டிசம்பரில் இரு மாநிலங்களுக்கும் இடையிலான முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, ஏலத்தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கினர். காட்டுப்பாதையில் நடந்தே வந்தவர்களும் உண்டு. அதே நாள்களில் கம்பம் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. மேலே அச்சுறுத்தப்பட்ட உறவினருக்காகக் கீழே கல்லெடுத்தவர்கள், பம்பாயில் தமிழர்மேல் கல்லெறிந்த அதே வாதத்தைக் கைக்கொண்டனர் என்பதைத் தமிழர் மறைக்காமல் எழுத வேண்டும்.

இம்மலைத்தொடரின் சமய நினைவோ வேறு விடை வைத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் உள்ள மங்கலதேவி கோயிலின் தெய்வம் கண்ணகி. சிலப்பதிகாரத்தின்படி அவள் சோழ நாட்டுப் புகாரில் பிறந்தவள். பாண்டிய நாட்டு மதுரையில் கணவனை இழந்தவள். சேர நாட்டு மலையில், குன்றக் குறவர் கண்முன் விண்ணேறியவள். அவளுக்குச் சிலை வடிக்கச் சேர மன்னன் செங்குட்டுவன் கொண்டுவந்த கல்லும் இமயத்தினுடையது. பிறந்த மண்ணே உரிமை தரும் என்றால் இம்மலை அவளைத் தன் தெய்வமாக ஏற்றிருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருநாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் திறக்கும் அக்கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப்பில் ஒரு கூட்டமும், பளியங்குடியிலிருந்து நடந்தே ஒரு கூட்டமும் ஏறி வருகின்றன. இரு மாநிலக் காவலர்களும் அன்று அங்கே காவல் நிற்கின்றனர்.