பெயர் தெரியாத காவற்காரன்

நாவலைப் பார்த்துச் சினிமா எடுப்பதை நாம் அறிவோம். சினிமாவைப் பார்த்து நாவல் எழுதுகிறவர்களும் உண்டு. விளையாட்டைப் பார்த்தும் நாவல் எழுதுகிறார்கள் என்பது சென்ற கோடையில்தான் எனக்குத் தெரிய வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், தலையணை போன்ற ஓர் ஆங்கிலப் புத்தகத்தை என் மேஜைமேல் போட்டான்.

"தாத்தா, நீங்க சரித்திர நாவல் எழுதுறவர்தானே? இதைப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நான் விளையாடியாச்சு."

ஒரு கதையைப் 'படிச்சாச்சு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 'விளையாடியாச்சு' என்று அன்றுதான் கேட்டேன்.

புத்தகத்தின் பெயர் 'அசாசின்ஸ் கிரீட்: ரினெய்சான்ஸ்'. 2009-இல் வெளிவந்த ஒரு வீடியோ விளையாட்டின் கதையை, அதே ஆண்டில் ஆலிவர் பௌடன் என்பவர் நாவலாக்கியிருக்கிறார். அது புனைபெயர், எழுதியவர் ஆன்டன் கில். இந்த வரிசையில் வந்த முதல் விளையாட்டுக்கு வித்து, ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாடிமிர் பார்ட்டோல் 1938-இல் வெளியிட்ட 'அலமுத்' என்ற நாவல். வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை வேறு உடுப்பில் திரும்பி வந்த மாதிரி, நாவல் விளையாட்டாகி மறுபடியும் நாவலாக வந்திருக்கிறது.

கதை பதினைந்தாம் நூற்றாண்டு பிளாரன்ஸில் நடக்கிறது. எட்சியோ என்ற இளைஞனின் தகப்பனையும் இரண்டு சகோதரர்களையும் பொய்க் குற்றம் சாட்டித் தூக்கில் போடுகிறார்கள். அவன் பழிவாங்கப் புறப்படுகிறான். லியோனார்டோ டாவின்சி அவனுக்கு ஆயுதம் செய்து கொடுக்கிறார். 1478 ஏப்ரல் 26 அன்று பேராலயத்தில் பூசை நடக்கும்போது ஜூலியானோ மெடிச்சியைச் சதிகாரர்கள் குத்திக் கொன்றதும், அவருடைய அண்ணன் லொரென்சோ காயத்தோடு தப்பியதும் சரித்திரம். எட்சியோ கற்பனை.

இரண்டே இரவில் படித்து முடித்தேன். நடை சுமார்தான், ஆனால் குதிரை ஓடுகிறது. ஓரிடத்தில் நெகிழ்ந்தும் போனேன். வியேரி என்ற எதிரியைக் கொன்ற பிறகும் ஆத்திரம் அடங்காமல் எட்சியோ பிணத்தைத் திட்டுகிறான். தகப்பனின் சகோதரர் மாரியோ அவனைக் கண்டித்து, செத்தவனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அதன்பின் எட்சியோ தன் கையால் விழும் பெரிய மனிதர்களின் கண்ணை மூடி, ஆத்மா சாந்திக்கு ஒரு லத்தீன் வாக்கியம் சொல்லுகிறான்.

பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான்! மதில்மேலும் வாசலிலும் நிற்கும் கூலிக் காவற்காரர்களுக்கு அந்த வாக்கியம் கிடையாது. இது எனக்குப் படிக்கும்போது படவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். பேரன் விளையாட்டுப் பெட்டியை இயக்கி, கருவியை என் கையில் கொடுத்தபோதுதான் பட்டது.

தெருவில் போன ஒருவனை நான் தெரியாமல் குத்திவிட்டேன். எட்சியோ பொதுமக்களைக் கொன்றதில்லை என்று உடனே எச்சரிக்கை வந்தது. அது தொடர்ந்தால் ஆட்டம் கலைந்துவிடுமாம். அடுத்து ஒரு காவற்காரனை வீழ்த்தினேன். எச்சரிக்கை வரவில்லை.

"இவன் பேர் என்னடா?" என்றேன்.

"இவனுக்கு ஏது தாத்தா பேரு? காவலுக்கு நிக்கிறவன்."

"அப்ப இவனைக் கொன்னா பாவமில்லையா?"

"இதெல்லாம் எப்பவோ நடந்தது தாத்தா. நாம ஞாபகப்படுத்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான்."

பையன் தட்டிக்கழிக்கவில்லை. விளையாட்டின் அமைப்பே அப்படி. டெஸ்மண்ட் என்ற இக்காலத்து வாலிபன் ஓர் யந்திரத்தில் படுத்து, தன் முன்னோனான எட்சியோவின் நினைவுகளைத் திரும்ப வாழ்கிறான். ஆடுகிறவனுக்கு நல்ல சமாதானம் இது. நடந்து முடிந்த கொலைக்கு நான் எப்படிப் பொறுப்பு?

நாவலில் டெஸ்மண்டும் இல்லை, யந்திரமும் இல்லை. அந்தச் சமாதானம் போய்விட்டதே, கொலையின் கனம் இனிமேல் தெரியும் என்றுதான் நினைப்போம். எனக்குத் தெரியவில்லையே! விளையாட்டில் என் கட்டைவிரலாவது அழுத்தியது. ஒரு கேள்வியாவது பிறந்தது. நாவலில் என் கை சுத்தமாக இருந்தது. முதல் அத்தியாயங்களில் மூன்று தூக்குக் கயிறுகளைக் காட்டிவிட்டார் ஆசிரியர். அந்தத் துக்கத்தை முதலாக வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரையில் விழுந்த ஒவ்வொரு பிணத்துக்கும் நான் தலையாட்டினேன். மூன்று சாவுக்கு எத்தனை சாவு ஈடு? எந்த இடத்தில் கணக்கு நேராகி, அதற்கு மேல் கொலையாகிறது? நாவலாசிரியர் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை.

நிஜமான பிளாரன்ஸிலும் இந்தக் கணக்கு நேராகவில்லை. ஜூலியானோ ஒருவருக்காக அந்த ஆண்டு அக்டோபருக்குள் ஏறக்குறைய 80 பேரைக் கொன்றார்கள். கொலையாளிகளில் ஒருவனான பெர்னார்டோ பாண்டினி துருக்கிக்கு ஓடியும் பிடிபட்டு, 1479-இல் தூக்கிலிடப்பட்டான். தொங்கிய அந்த உடலை நிஜ லியோனார்டோ படமாக வரைந்திருக்கிறார். பக்கத்திலேயே அவன் உடுத்தியிருந்த துணிகளின் நிறங்களைக் குறித்து வைத்திருக்கிறார். இரக்கத்தினால் செய்தாரோ, தொழில் புத்தியினால் செய்தாரோ! ஒரு கொலைகாரனுக்குக்கூட, நின்று பார்க்க ஒருவர் இருந்தார்.

இவ்வளவும் பேசுகிற நான் யோக்கியனா? இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதிய சரித்திரத் தொடரில், கதாநாயகன் இரவில் கோட்டைக்குள் நுழைய வேண்டியிருந்தது. வாசலில் ஒருவன் நின்றான். ஒரே வாக்கியத்தில் அவனைத் தீர்த்துவிட்டு நாயகனை உள்ளே அனுப்பினேன். அடுத்த வாரம் வந்த கடிதங்களெல்லாம் இளவரசி அழுவாளா, சிரிப்பாளா என்றே கேட்டன. காவற்காரனைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அந்த நாவலின் மறுபதிப்புக்குப் புரூப் வந்திருக்கிறது. பேரனைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "இவனைத் தாண்டாம உள்ளே போக வேற வழி இல்லையா தாத்தா? மதில் ஏறலாமே" என்றான்.

மதிலுக்கு வெளியே அகழி இருக்கிறது. அதில் முதலை விட்டிருக்கிறேன். நாளைக்குள் புரூப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.