இருவர் செல்லும் வழியில் பொறுமை

இடர் வந்தவிடத்து அதனைப் பொறுத்தல் அறம் என்பது யாவரும் ஒப்பும் கருத்தாகும். ஆயின், ஒருவன் தன் இடரைத் தான் பொறுப்பதும், தன்னோடு வந்தவனைப் பொறுக்கச் செய்வதும் ஒன்றாகுமா என்பது ஆராயற்பாலது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இது வெறுங் கற்பனை வினாவன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சீனன்குடாவிலிருந்து கிண்ணியாவுக்கு இருவர் ஒரு மோட்டார் சைக்கிளிற் செல்வதாகக் கொள்வோம். முன்னர் 'பாதை' எனப்படும் மிதவையே அங்கு நீரைக் கடக்க உதவிற்று. அது செல்லுமா, நிற்குமா என்பதைப் பயணி தீர்மானிப்பதில்லை. 2009 இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபின் அத்தீர்மானம் வண்டியைச் செலுத்துபவன் கைக்கு வந்தது.

இருவரும் நனைவது ஒரே மழையிலாயினும் இருவர் நிலையும் ஒன்றன்று. முன்னிருப்பவன் மழையை முகத்தில் ஏற்கின்றான். எனினும் வழியைக் காண்கின்றான். கைப்பிடியும் பிரேக்கும் அவன் வசமுள்ளன. பின்னிருப்பவனுக்கு முன்னவனின் முதுகு மழையை மறைக்கின்றது, வழியையும் மறைக்கின்றது. வண்டி சாயும் பக்கமே அவனும் சாய்தல் வேண்டும். அஞ்சி எதிர்ப்புறஞ் சாய்ந்தால் இருவர்க்கும் கேடு. ஆகவே முன்னவன் பொறுப்பது உழைப்பை. பின்னவன் பொறுப்பது பிறன் தீர்ப்பை.

பின்னவன் வாய் திறவாதிருக்கலாம். கோழை எனப்படுவோமோ என்னும் நாணமே பெரும்பாலும் அம்மௌனத்தின் காரணம். அதனை இசைவென்று கொள்ளல் தகாது. வீரம் என்பது கோழைமைக்கும் கண்மூடித் துணிவுக்கும் இடைப்பட்டது என்றார் அரிஸ்டோட்டில். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்திலேயே வைத்தார். 1964 டிசெம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயலையும், 2020 டிசெம்பரில் அதற்கு வடக்கே கரை கடந்த 'புரெவி'ப் புயலையும் அறிந்த மக்களுக்கு இவ்வுண்மையை விளக்க வேண்டுவதில்லை.

ஒருவன் அஞ்சியவுடன் நிற்பதாயின் எப்பயணமும் நிறைவேறாதே எனச் சிலர் வினவலாம். மழைக்கு ஒதுங்குவதால் இழப்பது பெரும்பாலும் சில மணி நேரமே. நோயாளிக்கு மருந்து கொண்டு செல்வது போன்ற கடமை குறுக்கிடின், அதன் அவசரத்தை இருவரும் அறிவர். அறிந்து இசைந்தபின் பொறுமை இருவர்க்கும் உரியதாகின்றது. பின்னிருப்பவனுக்கும் ஒரு கடமையுண்டு. அச்சத்தை மறைப்பவன் முழுப் பாரத்தையும் தோழன்மேற் சுமத்துகின்றான். அவன் வாய் திறந்து சொல்லுதல் வேண்டும்.

எனவே, தொடர்வதற்கு இருவர் இசைவு வேண்டும்; அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதற்கு ஒருவர் அச்சமே போதும். திருகோணமலைத் துறைமுகம் உலகப் புகழ் பெற்றதும் ஒதுங்கிடம் என்பதனாலேயே. சோழமண்டலக் கரையிற் பருவக்காற்றுக்கு ஒதுங்கத் தக்க துறைமுகம் இன்மையால் ஐரோப்பியக் கடற்படைகள் இதனை விரும்பின. 1795 இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். புயலுக்கு ஒதுங்கிய அக்கடலோடிகளைக் கோழைகள் என்று எவரும் கூறியதில்லை. தம்மை நம்பிக் கப்பலேறியவர்களைக் கரைசேர்ப்பதும் கடலோடியின் ஆண்மையே.