அத்தையும் ஒரு நட்சத்திரமும்

நாமக்கல் பக்கம், கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் ஓர் ஊரில் எங்கள் வீடு. கணவனை இழந்த அத்தை, அப்பாவுடன் பிறந்தவள், எங்களோடுதான் இருந்தாள். விடியுமுன் வாசல் தெளிப்பாள். மாட்டுக்குத் தவிடு கரைப்பாள். எல்லாரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்பாள். அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

ஒருநாள் மத்தியானம் அந்த அத்தை சோற்றுக் குண்டானைத் தூக்கி வாசலில் எறிந்தாள். தெரு முழுவதும் கேட்கக் கத்தினாள். "அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்றார்கள் வீட்டில். எனக்குப் பத்து வயது. நானும் அதையே தெருவில் போய்ச் சொன்னேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, அந்த மத்தியானத்தை எனக்கு நினைவூட்டியது ஒரு நட்சத்திரம்.

கல்லூரியை இரண்டு ஆண்டுகளோடு விட்டவன் நான். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஆனி மாதத்து இரவில் தெற்கு வானில் தேள் வாலைத் தூக்கி நிற்கிறதல்லவா? அந்தப் பக்கம், 20,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால், நம் சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று பிறந்துகொண்டிருக்கிறது. அடர்ந்த தூசிக்குள் பிறப்பதால் அதன் ஒளி வெளியே வராது. வானொலி அலைகள் வரும். சுற்றியுள்ள வாயுவில் மெத்தனால் மூலக்கூறுகள் வெப்பத்தால் கிளர்ந்து நிற்கின்றன. ஒரு மெல்லிய அலை அவற்றின் ஊடே போனால், ஒவ்வொன்றும் அதே அலையை எதிரொலித்துப் பெருக்குகிறது. ஒருவர் முணுமுணுத்த சுருதியை ஊரே சேர்ந்து பாடுவது போல. இதற்கு மேசர் என்று பெயர்.

ஜப்பானில் இபராக்கி என்ற இடத்து விஞ்ஞானிகள், 2012ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இத்தகைய மேசர்களை நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்து வந்தார்கள். பெரும்பாலான குறிப்புகளில் புதுமை எதுவும் இருந்திராது. 2019 ஜனவரியில், ஜி358 என்று பெயரிட்ட இந்த இடத்தின் மேசர் திடீரென்று ஓங்கத் தொடங்கியது. செய்தி பரவியதும் பல நாட்டுத் தொலைநோக்கிகள் அங்கே திரும்பின. 2020இல் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. அந்த நட்சத்திரம் தன்னைச் சுற்றியிருந்த வாயுவில் ஒரு பெருங்கவளத்தை விழுங்கியிருக்கிறது. அதனால் எழுந்த வெப்ப அலை, ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 4 முதல் 8 பங்கு வேகத்தில் வெளியே பரவ, போன இடமெல்லாம் மேசர் விழித்துக்கொண்டது.

'விழுங்கியது' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

அத்தை எதையெல்லாம் விழுங்கினாள்? பங்கு கேளாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலம். கல்யாண வீடுகளில் பின்கட்டைத் தாண்டி வர முடியாத நிலை. அன்றைக்கு, "உட்கார்ந்து தின்கிறவள்" என்று யாரோ போகிற போக்கில் உதிர்த்த சொல். நாங்கள் பார்த்தது குண்டான் பறந்த கணத்தை மட்டுமே. அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான நாட்களை ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

சோற்றைக் கொட்டியது சரியா என்று நீங்கள் கேட்கலாம். சரியென்று நான் சொல்லவில்லை. சரியா தவறா என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதே என் கேள்வி. ஒருவருடைய சாதாரண நாட்களைப் பார்த்திராதவன் அவருடைய அசாதாரண நாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

இன்னொன்றும் உண்டு. நட்சத்திரம் தான் விழுங்கியதால் தானே வளர்கிறது. அத்தை விழுங்கியதால் வளர்ந்தவர்கள் நாங்கள்.

20,000 ஆண்டுகளுக்கு முந்தைய சேதியை இன்று கேட்கும் விஞ்ஞானிமேல் பிழையில்லை, தூரம் அப்படி. அத்தைக்கும் எனக்கும் நடுவே இருந்தது ஒரு மண்சுவர். அதைக் கடக்க எனக்கு இத்தனை காலம் பிடித்தது. அவள் இப்போது இல்லை.

உங்கள் வீட்டில் அதிகம் பேசாதவர் யார்? இன்றிரவு அவர் சாப்பிட்டாரா என்று பாருங்கள். நாளைக்கும் பாருங்கள்.