வழி விடுவது யார்?

பாதை ஒன்று, அதில் நடப்போர் பலர். ஒருவருக்கு இன்பமாவது மற்றொருவருக்கு இடையூறாகுமாயின், விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்? இக்கேள்வி சிறியதெனத் தோன்றலாம். ஆயினும் ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அளந்தறிய இதனினும் நல்ல அளவுகோல் கிடைப்பதரிது.

போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அருகே தஞ்சோங் துவான் என்னும் முனை இருக்கிறது. நெகிரி செம்பிலான் நிலத்தால் சூழப்பட்டிருப்பினும் அது மலாக்கா மாநிலத்திற்கு உரியது. அங்கே காடும், கலங்கரை விளக்கமும், கடலை நோக்கி இறங்கும் ஒற்றையடிப் பாதைகளும் உள. ஹங் துவாவின் காலடி என்று மக்கள் சொல்லிவரும் சுவடொன்றும் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், சுமத்திராவிலிருந்து வடதிசை திரும்பும் தேன் பருந்துகள் கடலைக் கடந்து இம்முனையில் கரையேறுகின்றன. வெயிலில் சூடேறி மேலெழும் காற்றிலே மிதந்து செல்வது அவற்றின் வழக்கம். கடலின்மீது அத்தகைய காற்று வலுப்பெறாமையால் சிறகடித்தே வரவேண்டியிருக்கிறது. ஆதலின் அவை களைத்து, தாழப் பறந்து வந்து சேர்கின்றன. இக்காட்சியைக் கண்டு களிக்க மலேசிய இயற்கைச் சங்கத்தார் 2000ஆம் ஆண்டு முதல் விழாவெடுத்து வருகின்றனர்.

பறவை காண்போர் அமைதியை நாடுவர். விடுமுறை நாளில் மக்களோடு வந்த குடும்பத்தார் பாடிச் சிரித்து உண்ண விரும்புவர். உடற்பயிற்சிக்கு வருவோர் விரைந்தோட விழைவர். காலடியைக் காண வருவோர் பக்தியோடு நிற்பர். இவர்களுள் எவருடைய விருப்பமும் குற்றமன்று. எல்லாரும் ஒரே குறுகிய பாதையில் சந்திப்பதால்தான் சச்சரவு விளைகின்றது.

இதற்குச் சிலர் எளிய பரிகாரம் ஒன்று கூறுவர். "இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்று வகுத்துவிட்டால் தொல்லையில்லை" என்பர். தோழர்களே! இவ்வார்த்தை நமக்குப் புதிதா? வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்று தடுத்தவர்களும் அமைதியையும் தூய்மையையுமே காரணமாகக் காட்டினர். அத்தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924ஆம் ஆண்டிலே சத்தியாக்கிரகம் தொடங்கியது, பெரியார் ஈ. வெ. ராமசாமி அதற்காகச் சிறை புகுந்தார். ஆட்களைப் பிரிக்கும் விதி எத்தனை இனிய பெயரைப் பூண்டு வந்தாலும் அதை நாம் ஏற்றல் தகாது.

அப்படியாயின் அவரவர் மனம்போல் நடப்பதுதான் சுதந்தரமோ? அதுவுமன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் விடுத்த கோரிக்கைகளுள் ஒன்றை ஈண்டு நினைவுகூர்வோம். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. கூலியுயர்வைக் கேட்டதோடு நில்லாமல் மானத்தையும் கேட்டனர் அம்மக்கள்! ஆனால் அதே தொழிலாளி, தலையில் விறகுக்கட்டோடு எதிரே வரும் கிழவியைக் கண்டு தானாகவே சைக்கிளைவிட்டு இறங்கினால், அதை அடிமைத்தனம் என்போமா? செயல் ஒன்றே, அறம் வேறு. பதவிக்கு அஞ்சி இறங்குவது இழிவு. மெலிந்தவர்க்கு இரங்கி இறங்குவது பெருமை.

ஆகவே வழிவிடும் முறைமை இதுவாம்: தீங்கு செய்யும் ஆற்றல் எவர்க்கு மிகுதியோ அவரே முதலில் ஒதுங்க வேண்டும். ஓடுபவர் நடப்பவர்க்கும், நடப்பவர் குழந்தைக்கும் முதியோர்க்கும், மனிதர் அனைவரும் களைத்து வந்த பறவைக்கும் இடங்கொடுத்தல் வேண்டும். பறவைக்கு வழக்காட நாவில்லை என்பதே அதன் உரிமையை நாம் காக்கவேண்டியதற்குப் போதிய காரணமாகும்.

நிற்க. விதியானது செயலைக் கட்டலாமே தவிர ஆளைக் கட்டலாகாது என்றோம். எனினும் செயலைக் கட்டுவதுபோல் காட்டி ஆளை விலக்கும் சூழ்ச்சியும் உலகில் உண்டு. புலாவ் செபாங்கிலிருந்து ஆண்டுக்கொருமுறை வேன் பிடித்துச் செல்லும் தோட்டக் குடும்பத்தாரின் சிரிப்பொலி குற்றமாகி, விலையுயர்ந்த கருவிகளோடு திரள்பவரின் ஆரவாரம் மட்டும் குற்றமாகாதெனில், அவ்விதி நீதியுடையதன்று. விதி செய்வோர் தம்மை அக்குடும்பத்தாரின் நிலையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். விதி செய்யும் அவையில் அவர்க்கும் இடமளித்தல் வேண்டும். பறவை வரும் மாதங்களில், வரும் இடங்களில் மட்டும் எல்லாரும் அடங்கியிருப்பதும், கடற்கரையில் எல்லாரும் மகிழ்ந்திருப்பதும் பொருந்துவனவாம்.

நம்மவர்க்கும் கடமையுண்டு. உரிமை பெற்ற பாதையில் குப்பையை எறிவதும், குரங்குக்குத் தீனியிட்டு அதனைப் பறிக்கப் பழக்குவதும், பின்வருவோரின் உரிமையைக் கெடுப்பதேயாகும். நடக்கும் உரிமைக்கு நம் முன்னோர் பெருவிலை கொடுத்தனர். பிறர்க்கு வழிவிடுவதற்கு நாம் கொடுக்க வேண்டியதோ ஓரடி இடந்தான்.