மெலிந்தாரை எச்சொல்லால் சொல்லுவது?

"உள்ளதைத்தானே சொன்னேன், இதிலே குற்றம் எங்கிருந்து வந்தது?" என்பது நம்மவர் பலரும் கைவசம் வைத்திருக்கும் விடை. ஒருவரை நோஞ்சான் என்றும், ஒல்லிக்குச்சி என்றும், எலும்புக்கூடு என்றும், காற்றடித்தால் பறந்துவிடுவான் என்றும் நால்வர் நடுவே சொல்லிவிட்டு, அவர் முகம் வாடக் கண்டால் இவ்விடையை எடுத்து நீட்டுகிறார்கள். பருத்த உடலினரைப் பழித்தல் பண்பன்று என்று இக்காலத்தில் ஓரளவேனும் உணர்ந்தவர்களும், மெலிந்தாரைப் பழிப்பதைப் பழிப்பென்றே எண்ணுவதில்லை. அதற்கு அக்கறை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று கேட்பது அன்பின் அடையாளமாம்! அக்கேள்வி மெலிந்தவரை மட்டுமன்று, அவருக்குச் சோறிடும் தாயையும் மனைவியையும் சேர்த்தே சுடுகிறது. மெய்யாகவே சோறு குறைந்த வீடாயின் அக்கேள்விக்கு விடையும் உண்டு. ஆனால் கேட்டவர் அவ்விடைக்காக நிற்பதில்லை.

ஒரு சொல் உண்மையாயிருந்தால் போதுமா என்னும் வினா புதியதன்று. மஜ்ஜிம நிகாயத்து அபயராஜகுமார சூத்திரம் இதனையே ஆராய்கின்றது. உண்மையல்லாததைப் பகவன் சொல்லார். உண்மையேயாயினும் பயனில்லாததையும் சொல்லார். உண்மையும் பயனும் ஒருங்கே உடையதாயின், அது கேட்பவர்க்கு இனிதாயினும் இன்னாததாயினும், சொல்லுங் காலம் அறிந்தே சொல்லுவார் என்பது அதன் கருத்து. இவ்வளவுகோலை நம் தெருப்பேச்சுக்கு வைத்துப் பாருங்கள். மெலிந்தவருக்குத் தாம் மெலிந்திருப்பது தெரியாதா? தையற்காரர் அளவெடுக்கும்போதும், பேருந்தில் மற்றவர் நெருக்கும்போதும், பெண் பார்க்கச் சென்ற இடத்தில் பெரியவர் ஒருவர் ஏற இறங்கப் பார்க்கும்போதும் அவருக்குத் தெரிந்தேயிருக்கிறது. அவர் அறியாத செய்தி எதுவும் நம் வாயிலிருந்து அவருக்குக் கிடைப்பதில்லை.

பிக்குகளுக்குரிய பாசித்திய விதிகளுள் இரண்டாவது பழித்துரையைப் பற்றியது. பிறப்பு, பெயர், குடி, தொழில், கைவினை, நோய், உடலமைப்பு முதலாகப் பத்து வாயில்களால் ஒருவரை இழித்துரைத்தல் அங்கே விலக்கப்பட்டது. உடலமைப்புக்கு எடுத்துக்காட்டாக மிக நெடியன், மிகக் குறியன், மிகக் கரியன், மிக வெளியன் என்பவை கூறப்பட்டன. மெலியன் என்பது அந்நான்கில் இல்லையே எனின், அவ்வாறு வாதாடுவது வக்கீல் தொழில். "விளையாட்டாகச் சொன்னேன்" என்பாருக்கும் அங்கே முழு விடுதலை இல்லை. சிறு குற்றமாகவேனும் அது எண்ணப்பட்டது. பிறப்பும், தொழிலும், உடலும் ஒரே வரிசையில் நிற்பதை அன்பர்கள் கருத வேண்டும். சாதியைச் சொல்லி இழித்தால் கொதித்தெழும் நாம், உடலைச் சொல்லி இழித்தால் கூடச் சேர்ந்து நகைப்பது எந்த நியாயம்?

இங்கே ஒரு தடை எழலாம். மகாசச்சக சூத்திரத்தில் பகவனே தம் கடுந்தவக் காலத்து உடலை விவரிக்கும்போது, விலாவெலும்புகளைப் பாழடைந்த வீட்டின் கைமரங்களுக்கும், தலைத்தோலை வெயிலில் வாடிய சுரைக்காய்க்கும் ஒப்பிட்டாரன்றோ? ஆம். அவர் சொன்னது தம் உடலைப் பற்றி. உடலை வருத்துவதால் மெய்யறிவு வாராது என்று காட்டுதற்காக. அதே உவமையைப் பிறனொருவன் அவரை நோக்கி எறிந்திருப்பின் அதன் பொருளே வேறு. மெலிந்தவர் ஒருவர் தம்மைத் தாமே "நான் ஒல்லிப்பிச்சான்" என்று சொல்லிச் சிரிப்பது நமக்கு வழங்கிய அனுமதிச்சீட்டு ஆகாது. பிறர் சொல்லுமுன் தாமே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று கண்டுகொண்டவர் எத்தனையோ பேர்.

கிசா கோதமியை எல்லாரும் அறிவர். இறந்த மகனைச் சுமந்து, சாவு காணாத வீட்டில் ஒரு பிடி கடுகு தேடிய தாய். கிசா என்னும் பாலிச்சொல்லுக்கு மெலிந்தவள் என்பதே பொருள்; உடல் மெலிவால் வந்த பெயர் என்பர் உரைகாரர். புக்ககத்தார் அவரை இகழ்ந்து நடத்தினர் என்றும், மகன் பிறந்த பின்னரே மதித்தனர் என்றும் கூறுவர். அவர் தேரியாகி, முரட்டு ஆடை தரித்தாருள் முதன்மையானவர் என்று பகவனால் போற்றப்பட்டார். பெயரோ அப்படியே நின்றுவிட்டது. உடலால் இட்ட பெயர் எவ்வளவு உயர்ந்தாலும் விட்டுப் போவதில்லை.

நான் பெங்களூரில் பருத்தியாலை ஒன்றில் நூற்புப் பகுதியில் பல ஆண்டு வேலை பார்த்தவன். கார்டிங் பகுதியிலே ஒருவருக்கு "ஈர்க்கு" என்று பெயர். மேஸ்திரியும் அப்படியே அழைப்பார். கேண்டீன்காரரும் அப்படியே அழைப்பார். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவர் இறந்த நாளில் இரங்கற் செய்தி எழுதக் கரும்பலகையின் முன் கூடினார்கள். சாக்கட்டியைப் பிடித்தவருக்கு அவர் பெயர் தெரியவில்லை. அவரோடு ஒரே ஷிப்டில் உழைத்தவர்க்கும் தெரியவில்லை. டோக்கன் எண்ணைச் சொல்லி டைம் ஆபீசில் கேட்டு வந்து எழுதினார்கள். பஞ்சுத்தூசி நெஞ்சில் தங்கி, வார விடுமுறை கழிந்த முதல் நாளில் மூச்சையடைக்கும் பைசினோசிஸ் என்றொரு நோய் ஆலைத் தொழிலாளர்க்கு உண்டு. அதுதான் அவரை வாட்டியதோ, காசமோ, அன்றிப் பிறவியிலேயே அமைந்த உடல்வாகோ, யாரும் கேட்டதில்லை. பெயர் வைத்தாகிவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மெலிவும் எளிமையும் நம் மொழிகளில் பின்னிக் கிடக்கின்றன. தமிழில் மெலியார் என்றால் வலிமை இல்லாதவர். நான் வாழும் கன்னட நாட்டிலே படவ என்றால் ஏழை. படக்கலு என்றால் எலும்பு தெரிய மெலிந்த உடல். 2019–21இல் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 18.7 பேரும், ஆண்களில் 16.2 பேரும் உயரத்திற்கேற்ற எடையில்லாதவர்கள். நல்ல உணவுண்டும் மெலிந்தே இருப்பவர் இவருள் உண்டு. இல்லாமையால் மெலிந்தவரும் உண்டு. இருவரையும் நோஞ்சான் என்னும் ஒரே சொல் விழுங்கிவிடுகிறது.

அப்படியானால் எப்படித்தான் சொல்லுவது? பட்டணத்தார் சிலிம் என்கிறார்கள். பசித்த உடலுக்கு அச்சொல் பூச்சு வேலை, பசியையே மறைத்துவிடும். தமிழில் வழி இருக்கிறது. நோஞ்சான் என்பது பெயர்ச்சொல். ஆளையே அதற்குள் அடைத்துவிடும். "மெலிந்திருக்கிறார்" என்பது வினை. வந்த நிலையைச் சொல்லும், மாறக்கூடும் என்பதும் அதிலே அடக்கம். இயல்பாகவே மெலிந்தவரை அடையாளங் காட்ட வேண்டுமாயின் "ஒல்லியான உடல்வாகு உடையவர்" எனலாம். உடல்வாகு என்பது குறையுமன்று, நிறையுமன்று. வறுமையால் வாடியவரைப் பற்றியோ, எலும்பைப் பேசாமல் உணவைப் பேசுக. அங்கே இழிவுக்குரியது அவ்வுடல் அன்று.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்பதும் சரியன்று. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நான்கு மாவட்டங்களில், காசநோயாளரின் வீட்டாருக்கு உணவுப்பொருள் வழங்கிப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டவர் தொகை 100க்கு 39 அளவு குறைந்திருந்தது. நோயாளருள்ளும் முதலிரண்டு மாதங்களில் எடை கூடியவரிடையே சாவு குறைவு. ஆகவே எடை பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பழிப்புக்கு அஞ்சி எடைக்கருவியில் ஏற மறுப்பவரை நான் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கண்டிருக்கிறேன். அவரைச் சுற்றி மற்றவர் நில்லாதபடி செய்து, எண்ணை உரக்கக் கூவாமல், அட்டையில் எழுதி, "போன மாதத்தைவிட ஒரு கிலோ கூடியிருக்கிறது, ஐயா" என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கச் சொல்லலாம். குறைந்திருந்தால், "இம்மாதம் சாப்பாடு எப்படி?" என்று கேட்டு, விடை வருமளவும் நிற்கலாம். அவ்விடை பெரும்பாலும் பருப்பு விலையைப் பற்றியதாகவே இருக்கும்.