கலங்கிய நீர்



சங்காரவன் என்னும் பிராமணன் ஒருநாள் பகவன் புத்தரை அணுகி ஒரு வினாவை எழுப்பினான். நெடுங்காலம் ஓதி உருப்போட்ட மந்திரங்கள் சில வேளைகளில் நினைவுக்கு வர மறுக்கின்றன. ஓதாதவைகூட வேறு சில வேளைகளில் தாமாகவே நாவில் வந்து நிற்கின்றன. இதற்குக் காரணம் யாது என்பதே அவ்வினா. வினவியவன் மந்திரத்தைப் பற்றி வினவினான். ததாகதரோ மந்திரத்தை விட்டு நீரைப் பற்றி விடை பகர்ந்தார். ஒரு பாத்திரத்து நீரில் தன் முகத்தைக் காண விழைபவன் ஐந்து விதமாகத் தடைப்படுகிறான் என்றார். அரக்கும் மஞ்சளும் நீலமும் கலந்த நீர் காமத்துக்கு உவமை. கொதிக்கும் நீர் வெகுளிக்கு. பாசி மூடிய நீர் சோம்பலுக்கும் மடிமைக்கும். காற்றலைத்த நீர் மனப் பரபரப்புக்கு. சேறு கலங்கி இருளில் வைக்கப்பட்ட நீர் ஐயத்துக்கு. இவ்வுரையை அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் தொகுதியில் காணலாம்.

இவ்வுவமை நம் நினைவுக்கு வந்ததற்கு ஒரு கடிதமே காரணம். சிறிய அந்தமானின் கீழைக் கரையிலுள்ள ஹட் பேயிலிருந்து நம் சங்கத்து உபாசகர் ஒருவர் அதனை எழுதியிருக்கிறார். அவருடைய இசைவு பெற்றே இங்கு அதைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளின் விருப்பத்துக்காகக் கண்ணாடித் தொட்டியொன்றும் இரு தங்கமீன்களும் கப்பலில் வரவழைத்தாராம். மூன்றாம் நாள் நீர் பாலைப் போல வெளுத்தது. தொட்டியை முழுவதும் கவிழ்த்து, கற்களைச் சவர்க்காரமிட்டுத் தேய்த்து, புதுநீர் நிரப்பினார். மீண்டும் வெளுத்தது. மீண்டும் கவிழ்த்தார். பின்னர் தொட்டியைச் சாளரத்தருகே வெயிலில் வைத்தார், நீர் பச்சையாயிற்று, மீன் ஒன்று மாண்டது. பாசியைக் கொல்வது முதற் சீலத்துக்கு மாறாகுமா, மீன் செத்த பழி தம்மைச் சேருமா என்று வினவுகிறார். கடிதத்தின் கடைசியில், ஏதோ போகிற போக்கில் எழுதியவர் போல, வேறு மூன்று வரிகள் இருக்கின்றன. இவ்வாண்டு வைசாகத்தில் திரிசரணம் பெற்றதும், சுவரிலிருந்த மாரியம்மன் படத்தைத் தாம் கழற்றிவிட்டதாகவும், அன்னையார் ஒரு சொல்லும் பேசாமல் இளைய மகன் வீட்டுக்குக் கப்பலேறிவிட்டதாகவும், அன்றுதொட்டுத் தியானத்தில் அமர்ந்தால் மனம் நிற்பதில்லையென்றும் அவ்வரிகள் கூறுகின்றன.

மீனைப் பற்றிய வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். தங்கமீனுக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவு பழையது. பிடிபட்ட உயிர்களை விடுவிக்கும் கருணைக் குளங்களைச் சீன நாட்டுப் பௌத்தர்கள் அமைத்தனர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியந்தாய் ஆசாரியர் ஜியீ இவ்வழக்கத்தைப் பெரிதும் வளர்த்தார். சாம்பல் நிறக் கெண்டைகளிடையே அரிதாகப் பிறந்த பொன்னிற மீன்கள் இத்தகைய குளங்களில் காக்கப்பட்டன. சொங் மன்னர் காலத்தில் அவை தனி இனமாக வளர்க்கப்பட்டன. இன்று சிறு கிண்ணத்தில் திணிக்கப்படும் மீன், அகன்ற குளத்தில் அடைக்கலம் பெற்ற மீனின் வழித்தோன்றல் என்பதை மறந்துவிடுகிறோம். நன்கு பேணினால் அது பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டு மீன்களுக்கு நூறு லிட்டரளவு நீரேனும் வேண்டும். அது குளிர்ந்த நீருக்குரிய உயிர். தீவுகளின் வெப்பத்தில் நீரிலுள்ள பிராணவாயு குறையுமாதலால், காற்றுக் குமிழிகளை எழுப்பும் கருவி அங்கு இன்றியமையாதது.

இனி, நீர் ஏன் வெளுத்தது? மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியா என்னும் நச்சாகின்றன. அந்நச்சை நைட்ரைட்டாகவும், பின்னர் அத்துணைக் கொடுமையில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் மெல்லக் குடியேறுகின்றன. நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். புதுத்தொட்டியின் வெண்மையோ வேறு நுண்ணுயிர்களின் திடீர்ப் பெருக்கம். இரையைக் குறைத்துப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே அடங்கும். நம் அன்பர் என்ன செய்தார்? ஒவ்வொரு முறையும் தொட்டியைக் கவிழ்த்து, குடியேறத் தொடங்கிய நல்லுயிர்களையும் சவர்க்காரத்தால் கழுவி விரட்டினார். தூய்மை செய்யும் ஆற்றல் எதுவோ அதனையே தூய்மையின் பெயரால் அழித்துவிட்டார்.

பச்சை நிறத்தின் காரணம் வேறு. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்து, வெயிலும் விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். தொட்டியைச் சாளரத்தினின்று நகர்த்துக. விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடற்க. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்குமளவே இரையிடுக. வாரந்தோறும் நீரில் நாலில் ஒரு பங்கை மட்டும் மாற்றுக. குழாய்நீரில் குளோரின் இருப்பின் ஒருநாள் திறந்த வாளியில் வைத்த பின்னரே ஊற்றுக. வடிகட்டியின் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டிநீரிலேயே பிழிக. கண்ணாடியின் முன்புறத்தைத் துடைத்தால் போதும். பாசிக்கொல்லி மருந்தை, குறிப்பாகச் செம்பு கலந்ததை, நாடவேண்டாம். பாசியோடு மீனும் துன்புறும். எஞ்சிய மீனை ‘விடுதலை’ செய்வதாக எண்ணி ஓடையிலோ அருவி மடுவிலோ விட்டுவிடலுமாகாது. அயல்மீன் புகுந்தால் தீவின் சொந்த உயிர்களுக்குக் கேடு விளையும்.

பாசியைத் துடைப்பது பாவமா? முதற் சீலம் மூச்சுடைய பிராணிகளைப் பற்றியது. உயிர் உளது, உயிரென்று அறிந்தான், கொல்லக் கருதினான், முயன்றான், அதனால் அது இறந்தது என்னும் ஐந்தும் கூடினாலன்றிச் சீலம் முறிவதில்லை. செடிகொடியை அழிக்கலாகாதென்னும் விதி பிக்குகளுக்கு உண்டு. நீர்வடிகட்டியும் அவர்களுடைய எட்டு உடைமைகளுள் ஒன்று. உயிருள்ள நீரை அறிந்தே பயன்படுத்துவது அவர்களுக்குக் குற்றம். இல்லறத்தார்க்கு இவ்விதிகள் இல்லை. ஆகவே நம் அன்பர் தயங்காமல் பாசியைத் துடைக்கலாம். மீன் செத்ததும் கொலையன்று. ஆனால் அது பமாதம், அதாவது விழிப்பின்மை. இதனை மென்மையாகச் சொல்ல நம்மால் இயலவில்லை.

உவமைக்குத் திரும்புவோம். ஐந்து நீரையும் ததாகதர் ஒன்றாகச் சொல்லவில்லை என்பதை நோக்குக. மகாபரிநிப்பாண சுத்தத்தில் ஐந்நூறு வண்டிகள் கடந்து கலங்கிய ஓடையிலிருந்து நீர் கொணருமாறு பகவன் பணிக்கிறார். ஆனந்தர் இருமுறை மறுத்து, மூன்றாம் முறை சென்று பார்க்க, நீர் தெளிந்து ஓடுகிறது. சேறு படியும்; காத்திருந்தால் போதும். பாசி அவ்வாறு படியாது; அதன் உணவையும் ஒளியையும் குறைத்தாக வேண்டும். எந்தக் கலக்கம் நம்முடையது என்று அறியாமல் எல்லாவற்றையும் கவிழ்ப்பவன் ஒன்றையும் தெளிவிக்க மாட்டான். (மடிமைக்கு மருந்தாக ஒளியை மனத்தில் நிறுத்தும்படி நூல் கூறுகிறது, தொட்டிப் பாசிக்கோ ஒளியே உணவு. உவமையை அளவுக்கு மேல் இழுக்கலாகாது என்பதற்கு இதுவே சான்று.)

நீர் எதனால் மாசுறும் என்பதை நம்மைப்போல் நெருங்கி அறிந்த மக்கள் எவர்? 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நீர் அருந்தினார். குளம் தீட்டுப்பட்டதெனச் சாதி இந்துக்கள் 108 குடங்களில் தயிரும் பாலும் சாணமும் கோமூத்திரமும் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்தில் அமிழ்த்தினர். மனிதன் கை பட்டதால் அந்நீர் ஓர் அணுவளவும் மாசுறவில்லை; பாசிக்கு உணவாவன அந்தச் சாணமும் மூத்திரமுமே. தீட்டு என்பது நீரிலே இல்லை, பார்த்தவர் நெஞ்சிலே இருந்தது. அக்குளத்தின் மீது நம் மக்களுக்குள்ள உரிமையை 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது.

ஹட் பே அன்பரின் மூன்று வரிகளுக்கு இப்போது வருகிறோம். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகள், அவற்றை எடுத்துக்கொண்டவரைக் கட்டுப்படுத்துவன. அன்னையார் அவற்றை எடுக்கவில்லை. தாம் வணங்காதிருப்பது உபாசகரின் கடமை. அன்னையின் படத்தைக் கழற்றுவது எந்த உறுதிமொழியிலும் இல்லை. நிகண்டரின் அடியாராயிருந்த உபாலி என்னும் இல்லறத்தார் பகவனைச் சரணடைய வந்தபோது, நன்கு ஆராய்ந்து செய்க என்றே அவர் முதலில் கூறினார். அதன் பின்னரும், உபாலியின் இல்லம் நிகண்டருக்கு நெடுங்காலம் நீர்த்துறைபோல் இருந்ததென்பதை எடுத்துக்காட்டி, வருவோர்க்கு உணவளிப்பதை நிறுத்தவேண்டாமென்று அறிவுறுத்தினார். வேற்றுச் சமயத் துறவிகளுக்கே அத்துறை அடைக்கப்படவில்லையென்றால், ஈன்ற தாய்க்கு அடைக்கலாமா? பண்டிதர் அயோத்திதாசரோ அம்மன் வழிபாட்டின் வேரை ஒரு பௌத்தப் பெண்துறவியின் நினைவிலேயே கண்டார். அவ்வாராய்ச்சியை ஏற்பதும் விடுவதும் அவரவர் கருத்து. ஆயினும் மக்களின் பழைய பக்தியைக் குப்பையென்று அவர் கொட்டிவிடவில்லை.

தியானத்தில் மனம் நிற்காமைக்குக் காரணம் தேடி அன்பர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. அது இருளில் வைத்த சேற்றுநீர் அன்று; சமயத்தைப் பற்றிய ஐயம் அவரிடம் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது காற்றலைத்த நீர். செய்ததை எண்ணி வருந்தும் மனத்தையும் பரபரப்பையும் நூல் ஒரே தடையாகவே எண்ணுகிறது. அலைக்கும் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்பது அவருக்கே தெரியும். இன்னும் ஆயிரம் முறை சரணம் ஓதினாலும் அது அடங்காது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை ஹட் பேயைப் புரட்டிப்போட்டதையும், தீவுகளின் கரையோரக் கிணறுகளில் கடல்நீர் புகுந்ததையும் அறிவோம். உப்பேறிய கிணற்றையும் மக்கள் இறைத்தும் மழைக்குக் காத்திருந்தும் மீட்கிறார்கள், தூர்த்துவிடுவதில்லை. படம் உடைபடாமல் இருந்தால், அன்பர் அதைத் துடைத்து அன்னையார் தொங்கவிட்டிருந்த ஆணியிலேயே மாட்டட்டும். கப்பல் புறப்படும் நாளை விசாரித்துச் சீட்டெடுத்து, தம்பியின் வீட்டுக்குத் தாமே செல்லட்டும். கடிதம் எழுதி அழைப்பது போதாது. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும். அவர் திரும்பும்வரை மீனுக்கு இரையிடப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைக்கலாம்; நாளுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.